கணக்கில் வராத பணம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே உன் அண்ணன், நான், மகள் மூவரும் சுகம். உன் முதுகுவலி இப்போது தேவலையா? உன் வீட்டுக்காரர், என் தம்பி, எப்படி இருக்கிறார்?

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்களுடையது இரண்டே அறை வீடு. சமையலறையில் நான் முணுமுணுத்தால்கூடக் கூடத்திலிருந்து உன் அண்ணன் "என்ன சொன்னே?" என்பார். கீழே நின்றபடியே மேலே எந்த மாடியில் லிஃப்ட் கிறீச்சிடுகிறது என்று சொல்லிவிடும் காது அது. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேச எனக்கு வேறு வழி இல்லை.

விஷயம் இதுதான். வீட்டு உரிமையாளர் இந்த வீட்டை விற்கப்போகிறார். இத்தனை வருடம் வாடகை தவறியதில்லை என்பதால் முதலில் எங்களிடம் கேட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் முன்பணம் கட்டினால் வீடு எங்களுக்கு. மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும். கட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உன் அண்ணன் வாசலில் நின்று "அதுக்கென்ன சார், கட்டிட்டாப் போச்சு" என்று பெரிய மனிதர் போலச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "நம்மகிட்ட எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, சின்னு. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறார், நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். இரண்டு சம்பளம் வருகிறது. மாதத் தொடக்கத்தில் கடைத்தெரு எங்களுடையது. இருபதாம் தேதிக்குமேல் அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பைகளில் சில்லறை தேடுகிறோம். போன வருடம் அவர் தவணையில் வாங்கிய நடைப்பயிற்சி இயந்திரத்தின்மேல் இப்போது துணி காய்கிறது. என்னையும் சொல்ல வேண்டும். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் என் கால் அங்கேயே நின்றுவிடும்.

தம்பியைப்போல ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த நிலை வருமா? வேலை பார்க்கும் கிடங்கில் ஒரு பெட்டி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர். அவர் எப்படிச் சேமிக்கிறார் என்று கேட்டு எழுது. அவரை நான் எல்லோரிடமும் உதாரணமாகச் சொல்வது உனக்குத் தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முதுகுவலி வந்து வந்து போகிறது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை காலை முழுக்க அதே யோசனை. "அக்கா கேட்டாங்கல்ல, அரைகுறையா சொல்லக் கூடாது" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சம்பளம் வந்த அன்றைக்கே வீட்டுக்கான பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டுமாம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாதாம். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்கவே கூடாது. தவணைகளில் எது சீக்கிரம் முடியுமோ அதை முதலில் முடித்து, அந்தத் தொகையை அடுத்த தவணையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சாப்பாடு, மருந்து தவிர எதை வாங்க ஆசைப்பட்டாலும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். வாரம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்கலாம். "பாதி ஆசை அதுக்குள்ள மறந்துடும்" என்றார். கடைசியாக, ஒரு மாதம் முழுக்க எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் பார்க்க வேண்டுமாம்.

சொல்லி முடித்ததும் டீ கேட்டார். அவர் கேட்டு டீ குடித்து நாளாயிற்று. நீங்கள் அடிக்கடி இப்படிச் சந்தேகம் கேளுங்கள், அண்ணி.

அவருக்கு வேலை எப்போதும்போல.

அண்ணனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

சின்னு

---

பிப்ரவரி 15

அன்புள்ள சின்னுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். தம்பிக்கு என் நன்றியை முதலில் சொல்லிவிடு.

சம்பளம் வந்த அன்றே பணத்தை மாற்றிவிட்டேன். உன் அண்ணன் முகம், பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் முகம்போல ஆகிவிட்டது. "இப்பவேவா? ரெண்டு நாள் கண்ணால பாத்துட்டு மாத்தக் கூடாதா?" என்றார். நடைப்பயிற்சி இயந்திரத்தை விற்று அதன் தவணையை முடித்தோம். வாங்க வந்தவரிடம் இவர் அதன் பெருமையைச் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும். நான் மட்டும் தடுத்திருக்காவிட்டால் விற்காமலே திருப்பி அனுப்பியிருப்பார்.

ஒரு வாரம் பொறுக்கும் விதி என்னைத்தான் படுத்துகிறது. கடைத்தெரு வழியாக வராமல் பின் தெரு வழியாக வருகிறேன். அங்கேயும் ஒருவர் செருப்புக் கடை திறந்திருக்கிறார்.

உன் அண்ணன் இப்போது பஸ்ஸில் போவதில்லை. லிஃப்ட் கம்பெனி டிப்போவுக்கு நடந்தே போய் வருகிறார். உடம்புக்கு நல்லதாம். அந்த இயந்திரம் வீட்டில் இருந்தவரை வராத ஞானம்!

ஒன்றுதான் இடிக்கிறது. அவர் வேலை செய்யும் நேரத்துக்கும் கொண்டுவரும் பணத்துக்கும் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அவசரம் என்று கூப்பிடுகிறார்கள், போகிறார். அதற்கெல்லாம் தனியாக ஒன்றும் கொடுக்கமாட்டார்களா? கேட்டால், "கம்பெனி நிலைமை சரியில்ல" என்று பேச்சை மாற்றுகிறார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? தம்பியிடம் கேட்டுச் சொல். அவருக்குத் தெரியாத வழி இருக்காது.

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். டிப்போ முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அடுத்த மாதத்திலிருந்து பணம் அனுப்பாதே. அண்ணி தேட ஆரம்பித்துவிட்டார். நீங்கள் வீடு வாங்க முன்பணம் சேர்க்கும்போது உன் ஓவர்டைம் பணத்தை வாங்கி நான் வாடகை கொடுக்கிறேன். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தேடும் வழியைச் சொல்லிக்கொடுப்பவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்தான்! கிடங்கு மூடி ஏழு மாதம் ஆகிறது. நீ அனுப்புவது இவருக்குத் தெரியாது. என் பழைய சேமிப்பில் குடும்பம் ஓடுகிறது என்று நம்புகிறார். வேலை போன அன்று இவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உங்க அண்ணி காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. என்னை ஊரெல்லாம் உதாரணம் சொல்றாங்க." அதனால்தான் உன்னிடமும் சத்தியம் வாங்கினேன்.

அண்ணியின் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். உன் பணம் பொருந்தவில்லை என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். "அவ்வளவுதானா? வேற சந்தேகம் கேக்கலையா?" என்று ஏமாந்து போனார்.

பஸ்ஸில் போ. எனக்காக நடக்காதே.

உன் தங்கை

---

பிப்ரவரி 28

சின்னு,

நான் நல்லா இருக்கேன். எனக்குக் கடிதம் எழுத வராது, உனக்கே தெரியும். ஒரு லிஃப்டுக்கும் அடுத்த லிஃப்டுக்கும் நடுவில் எழுதுகிறேன்.

பணம் வரும். மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கிறவரை வரும். ஓவர்டைம் என்று ஒன்று இருப்பதே உன் அண்ணிக்குத் தெரியாது. தெரியாத பணத்தை யாரும் தேட முடியாது. வீட்டுக்கு என் சம்பளம் முழுசாகப் போகிறது, அதில் கை வைக்கவில்லை.

நடப்பது உனக்காக இல்லை. தொப்பை குறைந்திருக்கிறது. வந்து பார்.

வீணாகக் கவலைப்பட்டு முதுகை வளைக்காதே.

அண்ணன்

---

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே சளியும் இருமலும், அதனால்தான் இவ்வளவு தாமதம். மற்றபடி நலம். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நீங்கள் இரண்டாவது தவணையையும் முடிக்கப்போவதாகப் போனில் சொன்னீர்கள். இவருக்கு அத்தனை சந்தோஷம். மின்சாரக் கட்டணம், போன் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தேதிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். மகள் பள்ளிக்கான செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒதுக்கினால் ஜூனில் மூச்சு முட்டாதாம்.

அண்ணனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்பெனிகள் இப்போதெல்லாம் அப்படித்தான், அண்ணி. அண்ணன் உங்களிடம் எதையும் மறைக்கிறவர் இல்லை. இருப்பதை வைத்து இவ்வளவு செய்திருக்கிறீர்களே, அதுவே பெரிது. அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள்.

சின்னு

---

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உங்களுக்கு நேராக எழுதுவது இதுவே முதல் தடவை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னுவிடம் கேட்டேன்; அவள் அண்ணனை விட்டுக்கொடுக்காமல் ஏதோ எழுதியிருக்கிறாள். தங்கைக்கு அப்படித்தான் இருக்கும்.

போன வாரம் எங்கள் கடைக்கு ஒரு அம்மா கண்ணாடி மாற்ற வந்தார். அவர் கணவரும் உங்கள் மச்சானும் ஒரே டிப்போ, ஒரே குழு. எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே, "ஓவர்டைம் பணத்துலதான் வாஷிங் மெஷின் வாங்கினோம். உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ஜாஸ்தி வருமே, அவர்தானே எல்லா ஞாயிறும் போறார்" என்றார். நான் லென்ஸை மாற்றிப் போட்டுக்கொண்டே, "ஆமாம், வருது" என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்வது?

அன்று மாலை முதல் தடவையாக என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் கை விட்டேன். ஒரு கைக்குட்டையும் திருகாணியும் இருந்தன. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு நிற்கவில்லை, தம்பி. சூதாட்டமா? கடனா? வேறு எங்காவது ஒரு வீடா? அவர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று பார்க்கிறேன். முன்பணம் சேர்ந்தால் என்ன, இப்படி ஒருவரோடு அந்த வீட்டில் எப்படி இருப்பது? மகளைக் கூட்டிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு ஆண் பிள்ளை இப்படிப் பணத்தை மறைத்தால் அது எங்கே போகும்? உங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அக்கா

---

ஏப்ரல் 17

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேடுவதை நிறுத்துங்கள். அந்தப் பணம் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.

போன ஜூலையில் கிடங்கை மூடிவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நீங்கள் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை இழக்க மனம் வரவில்லை. உங்களுக்குச் சொன்ன யோசனைகள் எல்லாம் உண்மையானவை. சம்பளம் இருந்தவரை நான் செய்தவை. பிறகு இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்காகத்தான் யோசித்தேன். மச்சானை எப்படிக் கேட்பது, சம்பளச் சீட்டை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம். யோசித்தபடியே சமையலறைக்குப் போனேன். சின்னு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சானோட ஓவர்டைம் பணம் எங்கயோ போகுதாம். அக்கா கேட்டிருக்காங்க. எங்க போகும்?" என்றேன்.

இவள் திரும்பவில்லை. அதே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அது காஞ்சிடுச்சு, கீழ வை," என்றேன்.

வைத்தாள். அப்புறம் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள். "வாடகைக்கு மட்டும்தான் வாங்கினேன்," என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

அக்டோபரிலிருந்து வாங்கியிருக்கிறாள். தன் பழைய சேமிப்பிலிருந்து வாடகை கொடுப்பதாகச் சொன்னாள்; அது இத்தனை மாதம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கு.

மச்சான் பேரில் எந்தத் தப்பும் இல்லை. தயவுசெய்து எங்கும் கிளம்பிவிடாதீர்கள். இனி ஒரு காசும் வாங்கமாட்டோம். வாங்கியதைத் திருப்பித் தருவேன். எப்போது என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருமகளுக்கு என் ஆசி.

தங்கள் தம்பி

---

மே 9

சின்னுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். இனி திட்டப்போகிறேன்.

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம். பணம் போனதற்காக இல்லை. என் புருஷனை நான் சூதாடியாகவும் இன்னும் என்னென்னவாகவும் நினைத்துக்கொண்டிருந்தபோது, நீ மார்ச் மாதம் மின்சாரக் கட்டணத் தேதியைப் பற்றி எழுதியிருக்கிறாய்! அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உன் கை எப்படித்தான் எழுதியதோ.

தம்பியின் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் வந்து சாப்பிட உட்கார்ந்தார். "ஓவர்டைம் எவ்வளவு வருது?" என்றேன்.

"எந்த ஓவர்டைம்?"

"தம்பி கடிதம் போட்டிருக்கார்."

சாப்பிட்ட கை நின்றுவிட்டது. "ஐயோ, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சா? மனுஷன் ஒடிஞ்சு போயிருப்பாரே" என்றார். முதல் கவலை அவருக்காக!

"அப்போ நான்? நான் ஒடிஞ்சு போனது தெரியலையா?"

"உன்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லுவியோன்னு..."

"கேட்டுப் பாத்தீங்களா?"

நான் எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதற்கப்புறம் நானும் உட்கார்ந்து, கடையில் எனக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன கமிஷனைச் சொன்னேன். ஆமாம், அதை நானும் அவரிடம் சொன்னதில்லை. கைப்பைகள் எங்கிருந்து வந்தன என்று நினைத்தாய்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி அதில் போயிற்று.

இப்போது எல்லாம் ஒன்றாக ஒரே இடத்துக்கு வருகிறது. மாதம் உங்களுக்கு ஒரு தொகை அனுப்பலாம் என்று நினைக்கிறோம், ஒளிவுமறைவு இல்லாமல். தம்பி என்ன சொல்கிறார்?

அண்ணி

---

மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் திட்டு வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டியதுதான். மன்னித்துவிடுங்கள்.

இவரிடம் கேட்டேன். "வேண்டாம், ஆகஸ்ட் வரைக்கும் அவங்க கையில இருக்கறது அவங்களுக்கே வேணும்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம், வாடகை பாதிதான். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் போனதும் தொடர்கிறோம். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். முதல் சம்பளத்தை நானே அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, எவ்வளவு என்று கேட்டு, மறுபடி என் கையிலேயே வைத்தார்.

இவர் தினமும் வேலை கேட்டுக் கிளம்புகிறார். வயதைக் கேட்டதும் முகம் மாறுகிறதாம். சில நாள் சொல்கிறார், சில நாள் சொல்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை.

உங்கள் முன்பணம் எதுவரை வந்திருக்கிறது?

சின்னு

---

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். இவருக்கு வேலை கிடைத்துவிட்டது! ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில். பழைய சம்பளம் இல்லை, ஆனாலும் நிரந்தரம். காலையில் இவர் ஷூவுக்குப் பாலிஷ் போடும் சத்தத்தில்தான் விழித்துக்கொள்கிறேன்.

முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் வருமாம். ஸ்கூட்டர் விற்ற பணமும் தீர்ந்துவிட்டது; அதுவரை என் சம்பளம் சாப்பாட்டுக்குப் போதும், வாடகைக்குப் போதாது. இரண்டு மாத வாடகை எங்களுக்குக் கடனாக வேண்டும். நவம்பரிலிருந்து மூன்று தவணையாகத் திருப்பித் தருகிறோம். இந்த மாதம் உங்களுக்கு எவ்வளவு நெருக்கடி என்று தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள்.

இதை எழுதும்போது இவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

சின்னு
தம்பி

---

ஆகஸ்ட் 29

அன்புள்ள சின்னுவுக்கும் தம்பிக்கும்,

தம்பிக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து உன் அண்ணன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தம்பி யார் என்றே தெரியாது.

நேற்று முன்பணம் கட்டிவிட்டோம். உரிமையாளர் ரசீதில் கையெழுத்துப் போடும்வரை அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, மீதி எவ்வளவு என்று பார்த்தோம். மகள் பள்ளிச் செலவை ஒதுக்கினோம். கையில் அவசரத்துக்கென்று கொஞ்சம் வைக்கச் சொன்னவரும் தம்பிதான், அதையும் ஒதுக்கினோம்.

நீ கேட்டது முழுவதும் தர முடியாது, சின்னு. பாதி தருகிறோம். ஒரு மாத வாடகை. நாளை அனுப்புகிறேன். அடுத்த மாதத்துக்கு உங்கள் உரிமையாளரிடம் தம்பியின் வேலை உத்தரவைக் காட்டி அவகாசம் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் எழுது, மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். இதைவிட அதிகமாகத் தரத்தான் ஆசை. ஆனால் என்னிடம் இருப்பது இதுதான்.

வேலைக்குப் போகும் தம்பியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உன் முதுகுக்கு ஒரு நல்ல நாற்காலி கேட்டு வாங்கு. பல் மருத்துவரிடம் கேட்பதில் வெட்கம் என்ன?

அன்புடன்,
அண்ணி

சின்னு, உன் அண்ணி கடைசியில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். மீதிப் பாதியை உனக்கு ரகசியமாக அனுப்பிவிடலாம் என்று காலையில்தான் நினைத்தேன். நினைத்ததை உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். இப்போது தோளுக்கு மேலே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். — அண்ணன்